ஊட்டிக் குளிர் வேறு, இமயப் பனி வேறு

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டியை அடுத்த தலைகுந்தா புல்வெளி காலையில் உறைபனியால் வெள்ளை வெளேரென்று கிடக்கும். தேயிலை வைத்திருப்பவர்கள் இளஞ்செடி கருகிவிடக் கூடாதென்று தாகைச் செடியை வெட்டி மேலே பரப்புவார்கள். அதே நாட்களில்தான் என் கிளினிக்குக்கு மலையேற்றத்துக்கான உடற்தகுதிச் சான்றிதழ் கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். இமயத்துக்குப் போகிறோம், ஆழமான பனியில் ஸ்னோஷூ கட்டி நடக்கப் போகிறோம் என்று கண் மின்னச் சொல்வார்கள். குளிருக்கு என்ன எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நாங்க ஊட்டிக்காரங்க டாக்டர், குளிரெல்லாம் பழக்கம்தான்."

அந்தப் பதில்தான் எனக்குக் கவலை.

நம் ஊர் உறைபனி விடியலுக்கு முன் சில மணி நேரம் இருக்கும், வெயில் ஏறியதும் உருகிவிடும். அந்த நேரத்தில் நாம் கம்பளிக்குள் இருப்போம். அங்கே பகலிலும் பனிக்குள்தான் நடை. ஸ்னோஷூவின் அகன்ற அடிப்பகுதி உடல் எடையைப் பரப்பிவிடுவதால் கால் அதிகம் புதையாது. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கி வைக்க வேண்டும், மூச்சு வாங்கும், நன்றாக வியர்க்கும். ஆபத்து அந்த வியர்வையில் இருக்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கிடக்கும். ஓய்வெடுக்க உட்கார்ந்த பத்தாவது நிமிடம் நடுக்கம் ஆரம்பிக்கும். அதனால் பருத்தியே வேண்டாம், கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள். கொஞ்சம் குளிரும்போதே நடக்கத் தொடங்குங்கள். வியர்ப்பதற்கு முன்பே ஜெர்கினைக் கழற்றுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி இமயத்திலிருந்து நேராக என்னிடம் வந்தார். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ். இரண்டாம் நாள் விரல்கள் மரத்துப்போயின. "வலி நின்னுடுச்சு, சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். ராத்திரி கால்களை நெருப்பருகே நீட்டியிருக்கிறார். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. குளிரில் சதை உறைந்துபோகும் பனிக்கடியோடு தீக்காயமும் சேர்ந்து, நான் பார்த்தபோது இரண்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை.

வலி நிற்பது நல்ல செய்தி இல்லை. மரத்த விரலைத் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், அதாவது 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஆனால் மறுபடியும் பனியில் நடந்துதான் இறங்கியாக வேண்டும் என்றால் அப்போது உருக்காதீர்கள். உருகிய சதை திரும்ப உறைந்தால் சேதம் பல மடங்காகும்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது தாழ்வெப்பநிலை. நடுங்கும் வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். அப்புறம் பேச்சு குழறும், ஜிப்பைப் போட விரல் வராது, காரணமில்லாமல் எரிந்து விழுவார், கடைசி ஆளாகப் பின்தங்குவார். 32 டிகிரியை ஒட்டி நடுக்கமே நின்றுவிடும். அப்போதும் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார். எனவே இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் கூட நடக்கிற நண்பர். காற்றுக்கு மறைவாகக் கூட்டிப்போய், ஈர உடையைக் களைந்து, தரைக் குளிர் ஏறாமல் கீழே எதையாவது விரித்து, உலர்ந்த உறங்குபைக்குள் படுக்க வையுங்கள். விழுங்க முடிந்தால் சர்க்கரை கூடுதலாகப் போட்டுச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். பிராந்தி வேண்டவே வேண்டாம். அது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும். வெளியே கதகதப்பாகத் தெரியும், உள்ளிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

உயரத்தையும் மறந்துவிடாதீர்கள். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், இமயத்தில் பலர் ஏறப்போகும் கேதார்கந்தா சிகரம் சுமார் 3,800. தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள், கூடினால் இறங்கிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியும் அவசியம், புதுப்பனி புற ஊதாக்கதிரைப் பெருமளவு கண்ணுக்கே திருப்பியடிக்கும்.

இன்னொன்று இங்கேயும் நடப்பது. குளிருக்காக மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரியடுப்பு மூட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

சான்றிதழுக்கு வரும்போது கட்டி வைத்த பையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடம் போதும், சாக்ஸைப் பார்க்கத்தான் எனக்கு நேரம் வேண்டும்.