கிடுகு வேலிக்குள் செருகி வைத்த குறைச்சுருட்டு

"பிள்ளை, சுருட்டை விட்டிட்டன் எண்டு உங்களுக்குச் சொன்னது பொய்."

இதைச் சொல்ல அந்த ஐயாவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் "விட்டு மூண்டு மாசம்", "விட்டு அஞ்சு மாசம்" என்று கணக்குச் சொல்வார், மகள் பக்கத்தில் நின்று தலையாட்டுவார், நானும் கொப்பியில் எழுதிக்கொள்வேன். உண்மையில் தோட்டத்துக்குப் போகிற வழியில் கிடுகு வேலிக்குள் ஒரு குறைச்சுருட்டைச் செருகி வைத்திருந்தாராம். காலையில் நாலு இழுவை, பின்னேரம் நாலு இழுவை. (அவரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்று சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன், பிசியோதெரபி என்றால்தான் பலருக்கு விளங்கும். முழங்கால், முதுகு என்று வருபவர்கள் ஒருபக்கம் இருக்க, நெஞ்சு வருத்தக்காரரோடுதான் எனக்குக் கூடுதல் நேரம் போகிறது. மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி என்று வாரக்கணக்கில் ஒன்றாக இருப்பதால் டொக்டரிடம் சொல்லாததையும் எங்களிடம் சொல்வார்கள். ஆனால் சொல்ல விட வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் நான் விடவில்லை. ஒருவரின் சட்டையில் பீடி மணத்தைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் "இப்படிப் பத்திக்கொண்டு இங்கே வந்து என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பயிற்சிக்கும் வரவில்லை, மூச்சு மருந்து இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) எடுக்கவும் வரவில்லை. அடுத்த முறை அவரைக் கண்டது ஆஸ்பத்திரி விடுதியில், உதடு நீலம் பாரித்து, முகத்தில் மாஸ்க்கோடு. அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொப்பியில் சிஓபிடி (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று எழுதியிருப்பதை வீட்டில் முட்டு, தொய்வு, இழுப்பு என்று ஏதாவது ஒரு பெயரில் சொல்வார்கள். சின்ன வயதில் இருந்து வந்துபோகிற ஆஸ்துமாத் தொய்வு வேறு, இது வேறு. ஆஸ்துமாவில் ஒடுங்கிய மூச்சுக்குழாய் மருந்தோடு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும், இதில் முழுதாகத் திரும்பாது. பல வருடப் புகை சிறிய குழாய்களை வீங்க வைத்து ஒடுக்கி, நுனியில் இருக்கிற காற்றுப்பைகளின் மெல்லிய சுவரையும் அரித்துவிடும். காற்று உள்ளே போய்விடும், வெளியே வருவதுதான் கஷ்டம். பழைய காற்று நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடந்தால் புதுக்காற்றுக்கு எங்கே இடம்? ஸ்பைரோமெட்ரி என்று ஒரு ஊதல் சோதனை இருக்கிறது. மருந்து எடுத்த பிறகும், முதல் 1 செக்கனில் வெளியே வருகிற காற்று மொத்த ஊதலில் 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த நோயாக இருக்கும் என்று எடுப்பார்கள். வயதுபோனால் இளைக்கத்தானே செய்யும் என்று இருந்துவிடாமல் ஒருமுறை ஊதிப் பாருங்கள். வாழ்க்கையில் ஒரு பீடியையும் தொடாத அம்மாமாரும் வருகிறார்கள். பன்னாடை, கொக்கரை, ஊமல், பொச்சு என்று பனை தென்னைக் கழிவுகளை எரித்து முப்பது நாற்பது வருடம் அடுப்பு ஊதியவர்கள். பின்னேரத்தில் சருகு கூட்டி எரிக்கிற புகையும் இவர்களுக்கு ஆகாது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நேரம், காற்று மோசமாகிப் பள்ளிக்கூடங்களையே மூடினார்களே, அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சரி, புகைக்கு வருவோம். "அறுபது வயதாச்சு, இனி விட்டு என்ன?" என்று கேட்காதவர் குறைவு. அழிந்த காற்றுப்பை திரும்ப வராது, அதை நான் மறைப்பதில்லை. ஆனால் விட்டால் நுரையீரல் சரிகிற வேகம் குறையும். 1951 இல் பிரிட்டனில் தொடங்கி, மருத்துவர்களையே 50 வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 60 வயதில் விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சராசரியாக 3 வருடம் கூடுதலாக இருந்தார்கள், 50 வயதில் விட்டவர்களுக்கு 6 வருடம். எங்கள் ஐயாவுக்கு மூன்று வருடம் என்றால் பேத்தியின் சாமத்தியவீடும் அதற்குள் வந்துவிடும்.

விட முடியாததற்கு மனத்தைரியம் காணாது என்று வீட்டில் திட்டுவார்கள். ஆனால் பிடித்து வைத்திருப்பது புகையிலையில் இருக்கிற நிக்கோடின். அது ஓர் இழுவையில் இருந்து மூளைக்குப் போக 20 செக்கன்கூட எடுக்காது. எழும்பி அரைமணித்தியாலத்துக்குள் முதலாவதைப் பத்துகிறவர் என்றால் உடம்பு அதில் நன்றாகத் தங்கிவிட்டது என்று அர்த்தம். விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம்: எரிச்சல், நித்திரையின்மை, சாப்பாட்டு ஆசை, சிலருக்கு மலச்சிக்கல். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் படிப்படியாகத் தணியும். "காலமை ஒண்டு பத்தினாத்தான் கக்கூசுக்குப் போகும்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, நிக்கோடின் குடலையும் தூண்டுகிறது. அவருக்குப் பப்பாப்பழமும் தண்ணீரும் சொல்லிவிட வேண்டும், சிரிக்கக்கூடாது.

இதில் ஒன்றை எல்லோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். விட்ட பிறகு சிலருக்கு முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடும். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன, புகை அவற்றை முடக்கி வைத்திருக்கும், விட்டதும் அவை மெல்ல வேலைக்குத் திரும்பும். இது தெரியாதவர் "பத்தேக்க நல்லா இருந்தனான், விட்டபிறகுதான் வருத்தம்" என்று திரும்பப் பெட்டியை எடுக்கிறார். இந்த ஒரு காரணத்தாலேயே திரும்பப் போன பலரைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, பம்ப் அடித்துவிட்டு, நெஞ்சு திறந்ததும் அந்த ஆறுதலில் ஒன்றைப் பத்துவது. கேட்டால் வெட்கத்தோடு ஒப்புக்கொள்வார்கள். தூள் கப்சூலை உரிய கருவியில் போட்டு இழுக்காமல் தண்ணியோடு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் பிழையல்ல, காட்டிக்கொடுக்காதது எங்கள் பிழை. பீடி இலையில் சுற்றியது, அதனால் பரவாயில்லை என்கிற நம்பிக்கையும் சரியில்லை. அணைந்துவிடாமல் இருக்க அதை அடிக்கடி பலமாக இழுக்க வேண்டும், தாரும் காபன் மொனொக்சைட்டும் கூடத்தான் உள்ளே போகும். அதற்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போட்டால் வாய்ப்புற்றுநோய் பக்கத்தில் வந்து நிற்கும்.

எங்கள் ஐயா உண்மை சொன்ன பிறகு, முதல் முயற்சியில் 23 நாள் நின்றார். உடைந்தது ஒரு செத்தவீட்டில். முற்றத்துப் பந்தலில் கதிரை போட்டு இருக்கிறார், பக்கத்தில் பழைய கூட்டாளிகள், வெற்றிலையும் சுருட்டும் பீடியும் வைத்த தட்டம் சுற்றி வருகிறது. எடுக்காவிட்டால் மரியாதையில்லையோ என்று எடுத்தாராம். நான் இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன்: தேத்தண்ணிக் கடை, செத்தவீடு, சாப்பிட்டு முடிந்த நேரம், இந்த மூன்றிலும்தான் தடுக்கி விழுகிறார்கள். தட்டத்தில் சுருட்டு, பீடி வைப்பதை நிறுத்திய வீடுகளும் இருக்கின்றன, அப்படி ஒரு வீட்டுக்காரர் நீங்கள் என்றால் உங்களுக்கு நன்றி. அப்புறம், பேரப்பிள்ளையிடம் காசைக் கொடுத்து பீடி வாங்க அனுப்புகிற அப்பப்பாமாருக்கும் ஒரு வார்த்தை: இலங்கையின் 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கவே கூடாது.

ஆசை கிளம்பினால் அது சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தைக் கடக்க நான் அவருக்குச் சொன்னது, மூச்சு முட்டும்போது செய்கிற அதே பயிற்சிதான். மூக்கால் இரண்டு எண்ணும்வரை உள்ளே, பிறகு உதட்டைக் குவித்து, சுடுதேத்தண்ணியை ஆற்றுவதுபோல மெல்ல நாலு எண்ணும்வரை வெளியே. உதடு குவியும்போது உள்ளே ஒரு சிறு அழுத்தம் நிற்கும், குழாய்கள் சுருங்கி மூடாமல் காற்று வெளியேறும். பலமாக ஊதக்கூடாது. நடக்கும்போது இளைத்தால் முன்னால் சற்றுக் குனிந்து கையை எதிலாவது ஊன்றி நில்லுங்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தால் தூரம் போகலாம் என்று ஐயா தானாகவே கண்டுபிடித்திருந்தார், கைபிடியில் ஊன்றுவதால் தோளும் நெஞ்சும் மூச்சுக்கு உதவுகின்றன. இளைக்கும் என்ற பயத்தில் சாய்மனைக் கதிரையிலேயே கிடந்தால் கால் தசை வற்றி, இன்னும் இளைக்கும்.

தனியாக மல்லுக்கட்டத் தேவையில்லை. நிக்கோடின் சுவிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, புப்ரோபியோன், வரெனிக்லின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, உங்களுக்கு எது பொருந்தும், எது கிடைக்கும் என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விடுவதற்கான ஆலோசனை பெறலாம். விடாதவரைக்கும் பம்பை நிறுத்தி வைப்பது, பயிற்சிக்கு வராமல் இருப்பது, இரண்டும் வேண்டாம். வீட்டில் ஒட்சிசன் வைத்திருப்பவர் என்றால் சுருட்டு மட்டுமல்ல, சாமியறை விளக்கு, நுளம்புத்திரி, சாம்பிராணி எதுவும் பக்கத்தில் கூடாது, தீப்பிடிக்கும். சளி மஞ்சள் பச்சையாக மாறி இளைப்பும் கூடினால் அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உதடு நீலமானாலோ, கதைக்க முடியாமல் போனாலோ, ஆள் அரைமயக்கமாக இருந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

வீட்டுக்காரருக்கு: சட்டையை மணந்து பார்ப்பதை விடுங்கள். ஐயாவின் மகள் அதை நிறுத்தியபிறகுதான் அவர் வேலியில் ஒளிக்காமல், "இண்டைக்கு ஒண்டு பத்திட்டன்" என்று வீட்டில் வந்து சொல்லத் தொடங்கினார். மகள் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை, தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார்.

இப்போது நாலாவது முயற்சியில் இருக்கிறார். போன கிளினிக்கில் 6 நிமிட நடையில் 265 மீற்றர் போனார், அதற்கு முன் 210. நடந்து முடிந்து, கதிரையில் இருந்து, உதட்டைக் குவித்து ஊதிவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "போன கிழமை ரெண்டு பத்தினனான் பிள்ளை, எழுதுங்கோ." எழுதினேன்.