மெல்ல வரும் சரிவைக் காட்டும் மின்னணுப் பதிவேடு

நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் முதியவரின் உடல்நிலை பெரும்பாலும் ஒரே நாளில் சரிவதில்லை. தட்டில் உணவு மிஞ்சத் தொடங்குகிறது, நடை தளர்கிறது, எடை சிறிது சிறிதாக இறங்குகிறது. அன்றாடம் பார்ப்பவர்களின் கண்ணுக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. முறைமாறி வரும் செவிலியர்களுக்கோ ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய நிலையே தெரியாது. மின்னணு மருத்துவப் பதிவேட்டின் முதன்மையான பயனை நான் இங்கேதான் காண்கிறேன். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதங்களில் 10 சதவீதமோ எடை குறைந்தால் அதைக் கவனத்துக்குரிய இழப்பாகக் கொள்வது பராமரிப்புத் துறையில் வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு மாதத்தில் 3 கிலோ. தாள் பதிவேட்டில் பக்கம் பக்கமாகச் சிதறிக் கிடக்கும் இந்த எண்கள் திரையில் ஒரே கோடாக இறங்குவதைக் கண்டால், பல் வலியா, விழுங்குவதில் சிரமமா, மனச்சோர்வா, புதிதாகத் தொடங்கிய மருந்தா என்று காரணத்தை உரிய நேரத்தில் தேட முடிகிறது.

மருத்துவமனையிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்குத் திரும்பும் நாள் இன்னும் ஆபத்தானது. சில இரவுகளுக்கு மட்டும் தரப்பட்ட தூக்க மாத்திரை நிறுத்தும் தேதியின்றிப் பட்டியலில் தங்கிவிடும். அறுவை சிகிச்சைக்காக நிறுத்திய இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை மீண்டும் தொடங்க மறந்துவிடுவதும் உண்டு. இரண்டு இடங்களின் மென்பொருள்களும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறினால் இத்தகைய பிழைகள் பலவற்றைத் தடுக்கலாம். அதற்கென மருத்துவத் தகவலை எந்த வடிவில் அனுப்புவது என்று வகுக்கும் ஃபயர் (FHIR) போன்ற பொதுத் தரநிலைகள் இன்று இருக்கின்றன. ஆனால் பராமரிப்பு இல்லங்கள் இந்த வளர்ச்சியில் பின்தங்கியே இருக்கின்றன. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டின் ஹைடெக் சட்டம் மின்னணுப் பதிவேட்டுக்கு மாற மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஊக்கத்தொகை அளித்தபோதும் முதியோர் பராமரிப்பு இல்லங்களை அத்திட்டத்தில் சேர்க்கவில்லை. அதிகம் தேவைப்படும் இடத்தை விட்டுவிட்ட முடிவு அது என்பதே என் கருத்து.

கருவி இருந்தால் மட்டும் போதாது. முந்தைய நாள் குறிப்பை நகலெடுத்து ஒட்டும் வசதி, இடுப்பின் பின்புறம் படுக்கைப் புண் சிவக்கத் தொடங்கிய பிறகும் “தோல் நலமாக உள்ளது” என்றே எழுதிக்கொண்டிருக்கும். தேவையற்ற எச்சரிக்கைகள் ஓயாமல் ஒலித்தால், உண்மையான எச்சரிக்கையையும் பார்க்காமலே மூடிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது.

குடும்பத்தினர் இல்லத்திடம் இரண்டைக் கேட்டுப் பெறலாம்: கடந்த ஆறு மாத எடை வரைபடம், ஒவ்வொரு மருந்துக்கும் காரணமும் தொடங்கிய நாளும் மறுபரிசீலனை நாளும் குறித்த பட்டியல்.