கதிர்வீச்சுக் காயம்: ஆஸ்பத்திரி வாசலில் எது முதலில்?

2022 மார்ச்சில் ரஷ்யப் படை தாக்கியபோது உக்ரைனின் ஸப்போரிஷியா அணுமின் நிலைய வளாகத்தில் தீப்பிடித்தது. அணு உலைகளுக்குச் சேதமில்லை. ஆனாலும் போர் நடக்கும் நாட்டில் கதிர்வீச்சு நோயாளிகள் வந்து நின்றால் ஆஸ்பத்திரிகள் என்ன செய்யும் என்ற கேள்வி மறுபடி எழுந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணுசக்தி நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று 1988-இல் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பட்டியல்களை மாற்றிக்கொள்கின்றன. நல்லதுதான். அதை நம்பி அவசரப் பிரிவைச் சும்மா வைத்திருக்க முடியாது.

இங்கே இதற்கான அடிப்படை ஆவணம், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இல் வெளியிட்ட அணு, கதிரியக்க அவசரநிலை வழிகாட்டு நெறிகள். கல்பாக்கம், கூடங்குளம் போன்ற இடங்களில் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் உண்டு. வளாகத்துக்கு வெளியே பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது.

ஆஸ்பத்திரி ஊழியர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வருகிறவர்கள் இரண்டு வகை என்பது. கதிர் உடலுக்குள் பாய்ந்துபோனவர், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் மாதிரி. அவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. உடம்பில் கதிரியக்கத் தூசி படிந்தவர் வேறு. அந்தத் தூசியிலும் பெரும்பகுதி, 90 சதவீதம் வரைகூட, மேல் உடையைக் கழற்றிப் பையில் கட்டிவைத்தாலே போய்விடும். மீதிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும். தோல் சிவக்கத் தேய்க்கக் கூடாது. தனி வாசல், தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, கதிரியக்கத்தைக் கண்டறியும் கெய்கர் கருவி, ஊழியருக்கு முகக்கவசம், கையுறை, அவர் மேல் பட்ட கதிரின் அளவைக் காட்டும் டோசிமீட்டர். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் ரத்தம் கொட்டுகிறவரை அளவெடுக்கக் காக்கவைக்கக் கூடாது. உயிர் முதலில், தூசி அப்புறம். பயத்தில் இந்த வரிசையை மாற்றிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

போர்க்காலத்தில் குண்டுக்காயமும் தீக்காயமும் கதிர்வீச்சும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். பிறகு ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை சோர்ந்து வெள்ளையணுக்கள் குறையும். புண் ஆறாது, தொற்று ஏறும். எவ்வளவு கதிர் பட்டது என்பதற்கு வாந்தி தொடங்கிய நேரமே முதல் துப்பு. ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் நிலைமை மோசம். அதோடு ரத்தத்தில் லிம்போசைட் என்னும் வெள்ளையணு வகையின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சரி, மருந்து? நாடுகள் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் புதுப்பித்தது. கதிரியக்கச் சீசியம் உள்ளே போயிருந்தால் அதை வெளியேற்றப் பிரஷ்யன் நீலம், புளூட்டோனியத்தை வெளியேற்ற டிடிபிஏ என்ற மருந்து, மஜ்ஜையைத் தூண்ட ஃபில்கிராஸ்டிம் போன்றவை.

எல்லாரும் கேட்பது அயோடின் மாத்திரையைத்தான். அது தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். பெரியவருக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. குழந்தைகளுக்கு வயதுக்கேற்பக் குறைவு. கதிர் படுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, பட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் நல்ல பலன். அதிகாரிகள் சொன்ன பிறகே விழுங்க வேண்டும். காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினைக் குடிப்பது விஷம். அயோடின் கலந்த உப்பை அள்ளித் தின்பதாலும் பயனில்லை.