மூளைப் பவளம் ஏன் சிவக்கிறது?

சிங்கப்பூரில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: கடையில் நீல விளக்கின்கீழ் பச்சையும் சிவப்புமாகத் தகதகத்த மூளைப் பவளம், வீட்டிலுள்ள வெள்ளை விளக்கின்கீழ் மங்கிப் பழுப்பாகத் தெரிகிறது, அது சாகிறதா, விளக்கை மாற்ற வேண்டுமா? அவர் வாங்கியது டிராக்கிஃபில்லியா என்னும் பவளம். அதன் உடலில் நிறம் தருபவர்கள் இருவர் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒருசெல் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்து, அதன் கழிவிலுள்ள நைட்ரஜனைத் தாம் எடுத்துக்கொள்கின்றன. பழுப்பு நிறம் இந்தப் பாசிகளுடையது. பச்சையத்தோடு பெரிடினின் என்ற நிறமியும் அவற்றில் மிகுதியாக உண்டு. வெளிச்சம் குறைந்தால் பாசி ஒவ்வொன்றும் தன் நிறமியைக் கூட்டிக்கொள்கிறது. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் பாசிகளின் எண்ணிக்கையே பெருகுகிறது. எப்படியானாலும் பவளம் பழுப்பேறும், ஆனால் அதற்காகவே அது நோயுற்றது என்று சொல்லிவிட முடியாது.

வளர்ச்சியும் பெருமளவு இந்தப் பாசிகளின் உழைப்பையே சார்ந்தது. வெளிச்சத்தில் பவளம் தன் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டும் வேகம், இருட்டில் கட்டும் வேகத்தைப்போலப் பொதுவாக 3 மடங்கு இருக்கிறது. அதற்காக வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ஓர் அளவுக்குமேல் ஒளிச்சேர்க்கை அதிகரிக்காது, அதையும் தாண்டினால் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பே பழுதுபடும். தொட்டிக்காரர்கள் இந்த ஒளியை 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஃபோட்டான்களின், அதாவது ஒளித்துகள்களின், எண்ணிக்கையாக அளக்கிறார்கள். வெப்பமண்டல நண்பகலில் கடலின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) விழுகிறது. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்குத் தொட்டியில் 200 முதல் 350 வரையும், மணற்தரையில் கிடந்து வாழும் மூளைப் பவளத்துக்கு 50 முதல் 150 வரையும் கொடுப்பது வழக்கம்.

பச்சையும் சிவப்பும் பாசிகளுடையவை அல்ல. அவை விலங்கு தானே செய்துகொள்ளும் புரதங்கள். இந்தப் புரதம் ஏறத்தாழ 230 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அது மடிந்து பீப்பாய் வடிவம் கொண்டதும், நடுவில் அகப்பட்ட ஹிஸ்டிடின், டைரோசின், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும், ஆக்சிஜனைத் தவிர வேறெந்த உதவியும் இல்லாமல், தாமாகவே வளையமாக இணைந்து ஒரு நிறமியாகின்றன. நீல ஒளியை விழுங்கும் அந்த நிறமி, பெற்ற ஆற்றலில் சிறிதளவை வெப்பமாக இழந்து, மிச்சத்தை 518 நானோமீட்டர் பச்சை ஒளியாக உமிழ்கிறது.

ஊதா ஒளியோ அதையொட்டிய புற ஊதாவோ, அதாவது 350 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள ஒளி அதன்மீது பட்டால் நடப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஹிஸ்டிடினுக்குப் பக்கத்தில் சங்கிலி அறுபடுகிறது. ஆனால் பீப்பாய் குலைவதில்லை. அறுந்த இடத்தில் புதிய இரட்டைப் பிணைப்பு ஒன்று உருவாகி, அதுவரை ஒதுங்கியிருந்த ஹிஸ்டிடினின் வளையத்தையும் நிறமியோடு சேர்த்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் உலவும் பாதை நீண்டால் அவற்றைக் கிளர்த்தத் தேவைப்படும் ஆற்றல் குறையும் என்பது வேதியியல் விதி. ஆகவே உமிழும் ஒளி 582 நானோமீட்டருக்கு, அதாவது செம்மைக்கு, நகர்ந்துவிடுகிறது. அறுந்தது மீண்டும் ஒட்டாது. சிவந்த மூலக்கூறு பச்சைக்குத் திரும்புவதில்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் மியாவாக்கியின் குழுவினர் இதே மூளைப் பவளத்திலிருந்து எடுத்த புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆய்வு மேசைமீது விட்டுப்போன ஒரு மாதிரி மட்டும் மறுநாள் சிவந்திருந்தது; அதன்மீது சன்னல் வழியே வெயில் பட்டிருந்தது. காயெடே எனப் பெயரிடப்பட்ட அந்தப் புரதத்தைப் பற்றி 2002இல் அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். உயிருள்ள செல்களில் ஒன்றை மட்டும் ஒளியால் சிவப்பாக்கி, அது எங்கே போகிறது என்று பின்தொடர இன்று உயிரியலாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பாய் ஒளிரும் புரதத்தை 1999இல் ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டெடுத்ததும் மாஸ்கோவில் மீன்தொட்டிகளில் வளர்ந்த பவளங்களிலிருந்துதான். 'பவளம் ஏன் வண்ணமாக இருக்கிறது' என்ற கேள்வியோடு நிதி கேட்டுப் போயிருந்தால், விண்ணப்பத்தில் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் அவர்கள் எதை எழுதியிருக்க முடியும்? அந்தக் கட்டத்தை வைத்து ஆராய்ச்சியை வடிகட்டுவோர் இழப்பது எதுவென்று அவர்களுக்கே தெரியாது என்பது என் கருத்து.

எவ்வளவு புரதம் செய்ய வேண்டும் என்று விலங்குக்கு உத்தரவிடுவதும் நீல ஒளியே. பல பவளங்களில் நீல ஒளி கூடக் கூட, வண்ணப் புரதங்களுக்கான மரபணுக்கள் முடுக்கப்படுவதை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். ஆழமில்லாத நீரில் இப்புரதங்கள் வெயிலுக்குத் திரையாகின்றன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. வெப்பத்தால் பாசிகள் வெளியேறும்போது, விழுங்குவாரற்ற ஒளி வெள்ளை எலும்புக்கூட்டில் பட்டுச் சிதறித் திசுவை நிறைக்கிறது. விலங்கு அதை மிகுவெயில் என்று எடுத்துக்கொண்டு வண்ணத்தை வாரி இறைக்கிறது. ஆகவே கண்ணைப் பறிக்கும் நிறம் சில வேளைகளில் துன்பத்தின் அடையாளம். 'நிறமும் வளர்ச்சியும் ஒருசேரப் பெருக்கும் ஒளி' என்று விளக்குப் பெட்டிகளில் அச்சிடுவதை நான் நம்பாததற்குக் காரணம் இதுவே: நிறத்தைச் செய்பவர் வேறு, வளர்ச்சிக்கு உணவளிப்பவர் வேறு.

இனி வாசகரின் கேள்வி. கடையிலிருந்த நீல எல்இடியின்கீழ், பாசிகள் நீலத்தை விழுங்கிவிட, விலங்கின் புரதம் உமிழும் ஒளி இருண்ட பின்னணியில் தனித்துத் தெரிந்தது. வீட்டின் வெள்ளை ஒளியில் பாசிகள் எதிரொளிக்கும் பழுப்பு அதை மூழ்கடிக்கிறது. பவளம் ஒருவேளை மாறவே இல்லை. அக்ரோபோராவின் நீல, ஊதா நிறப் புரதங்கள் ஒளிர்வதில்லை என்பதால், அவற்றைக் காண வெள்ளை ஒளிதான் வேண்டும். வாசகரின் விளக்கில் ஊதா அலைவரிசை இல்லையென்றால், புதிதாக உண்டாகும் புரதம் பச்சையாகவே தங்கிவிடும். ஆனால் மாற்றம் மெல்லத்தான் தெரியும். இத்தகைய புரதங்களின் அரைவாழ்வுக் காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 20 நாள். விளக்கை மாற்றுவதானால் ஒளியைச் சில வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். அளவுமானியை விளக்கின் அருகில் அன்றிப் பவளம் கிடக்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளையும் பார்த்துவிட வேண்டும். சாகிறதா என்று அறிய நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எலும்புக்கூட்டின் விளிம்பிலிருந்து சதை பின்வாங்கி வெள்ளைச் சுண்ணாம்பு வெளித்தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.