முயலுக்கும் வயிறு நோகுமோ?

அக்காவின் மகளுக்கு நாலரை வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையைப் பார்த்தபடி மூன்றாம் மாடியில் வீடு. திங்கட்கிழமை விடிந்தால் "வயிறு நோகுது" என்று தொடங்கிவிடுவாள். ஓமத்தண்ணி குடித்தாயிற்று, டொக்டரும் பார்த்தாயிற்று. நேர்சரி வான் போனதும் நோவும் போய்விடும். 'கள்ள வருத்தம்' என்பது அம்மம்மாவின் தீர்ப்பு.

கள்ளமில்லை. பயம் வந்தால் உடல் ஓடுவதற்கு ஆயத்தமாகிறது. குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகிறது, செரிமானம் மந்தமாகிறது. வயிறு உண்மையாகவே பிசைகிறது. அந்தப் பிசைவுக்குப் பெயர் பயம் என்பதுதான் பிள்ளைக்குத் தெரியாது.

அன்றிரவு வாசித்த படப் புத்தகத்தில் ஒரு முயல்குட்டி பள்ளிக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றது.

"முயல் ஏன் ஒளிச்சு நிக்குது?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பயம். அம்மா கூட்டிக்கொண்டு போக வரமாட்டா எண்டு."

"முயலுக்கும் வயிறு நோகுமோ?"

அவளிடம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஓம். கனக்க நோகும்."

"உனக்குப் பயமோ?" என்று நேரே கேட்டிருந்தால் "இல்லை" என்றிருப்பாள். முயலின் பயத்தைப் பற்றிப் பேச வெட்கப்படத் தேவையில்லை.

பெயர் சொல்வதால் என்ன ஆகிறது? 2007இல் கலிபோர்னியாவில் உளவியலாளர் மத்தியூ லீபர்மனின் குழு 30 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்தபடி, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டியது. முகத்துக்கு ஏற்ற உணர்ச்சிச் சொல்லைத் தெரிவு செய்தபோது, மூளையில் அபாயமணி போல வேலை செய்யும் அமிக்டலா என்ற பகுதி அடங்கியது. நெற்றிக்குப் பின்னால் முன்மூளையின் வலப்பக்கப் பகுதியொன்று சுறுசுறுப்பானது. அதே முகத்துக்கு ஓர் ஆளின் பெயரைத் தெரிவு செய்தபோது மணி அவ்வளவாக அடங்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். முன்மூளை இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. நாலரை வயதில் சொல்லைத் தேடியெடுக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும்.

படத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. எங்கள் புத்தகத்தில் தாய்முயல் கேற்றடியில் நிற்பது வாசிப்பவருக்குத் தெரியும், குட்டிக்குத் தெரியாது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமலிருக்கலாம் என்பதைப் பெரும்பாலான மூன்று வயதுப் பிள்ளைகளால் பிடிக்க முடிவதில்லை; நாலைந்து வயதில்தான் அது பிடிபடத் தொடங்கும். சொக்லட்டை ஒளித்துவைக்கும் ஒரு சின்னக் கதையைக் கொண்டு விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் 1983இல் இதைச் சோதித்தார்கள். "அம்மா அங்க நிக்கிறா, அதுக்குத் தெரியேல்ல!" என்று இவள் கத்தியது அந்த வயதின் கத்தல்தான்.

கதை முடிந்ததும் நீதி சொல்லும் பழக்கம் எங்களை விட்டுப் போகாது. அம்மம்மா "அதாலதான் பிள்ளையள் அழாம..." என்று ஆரம்பித்தார். இவள் அதைக் காதில் வாங்காமல் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். முடிவு தெரிந்த பயத்துக்குள் திரும்பத் திரும்பப் போய்வரலாம் அல்லவா. நாலாம் தடவை வாசித்தபோது, முயல்குட்டி ஒளிந்து நிற்கும் பக்கத்தில் அவளே நிறுத்தி, கேற்றடியில் விரலை வைத்துக் காட்டினாள்.