ஏடிஎம்மில் இருக்கும் ‘டி’ யாரிடம் என்ன சொல்கிறது?

ஏடிஎம் என்றால் ‘எனி டைம் மணி’ என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். நடுவில் இருக்கும் ‘டி’க்கு உண்மையான விரிவு டெல்லர். டெல் என்றால் சொல்லு, அப்படியானால் டெல்லர் என்பவர் சொல்கிறவர். சரி, பணம் தரும் இயந்திரம் யாரிடம் எதைச் சொல்கிறது? எதையும் சொல்வதில்லை, நோட்டை எண்ணுகிறது. டெல் என்ற சொல்லுக்கு முதல் வேலையே எண்ணுவதுதான்.

சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன்பு எழுதப்பட்ட பழைய ஆங்கிலத்தில் இது ‘டெல்லன்’. எண்ணு, கணக்கிடு, இன்னதென்று கருது, விவரித்துச் சொல்லு எல்லாம் அதற்குள் அடங்கும். கதை என்று நாம் படிக்கும் ‘டேல்’ இதன் கூடப் பிறந்தது, அதற்கும் எண்ணிக்கை என்ற பொருள் இருந்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், எகிப்தில் அடிமைப்பட்டிருந்தவர்களிடம் வைக்கோல் தர மாட்டோம், ஆனால் செங்கலின் ‘டேல்’ அப்படியே வந்தாக வேண்டும் என்கிறார்கள். செங்கலைப் பற்றிய கதையை யாரும் கேட்கவில்லை! அதே பைபிளில் ஆபிரகாமிடம் நட்சத்திரங்களை ‘டெல்’ பண்ணச் சொல்லும் இடமும் உண்டு. இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு, நட்சத்திரங்களிடம் போய் எதையோ சொல்லச் சொன்ன மாதிரி இருக்கும். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் தெளிவாக ‘எண்ணு’ என்றே இருக்கிறது.

எண்ணுவது எப்படிச் சொல்வதாக மாறியது? கல்யாணத்துக்குப் போய்வந்தவர் பேசுவதைக் கவனியுங்கள். முதலில் மாப்பிள்ளை அழைப்பு, அப்புறம் சாப்பாடு, அப்புறம் அந்தச் சண்டை என்று ஒவ்வொன்றாக, விட்டுப்போகாமல், வரிசை கலையாமல் எடுத்து வைப்பார். எண்களைச் சொல்லாமல் எண்ணுகிறார், அவ்வளவுதான். இது ஆங்கிலத்துக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. ஜெர்மனில் ‘ட்ஸேலன்’ எண்ணுவது, ‘எர்ட்ஸேலன்’ கதை சொல்வது. ஸ்பானிஷில் ‘கொன்டார்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். பிரெஞ்சில் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றே. இந்த ஸ்பானிஷ், பிரெஞ்சுச் சொற்களுக்கு மூலம் லத்தீனின் ‘கம்ப்யூட்டாரே’, நம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதுவேதான். வங்கியில் நாம் வரிசையில் நிற்கும் கவுன்டரும் இந்தக் குடும்பம்தான், காசை எண்ணுவதற்கான மேஜை.

ஆங்கிலத்தில் பழைய பொருளின் மிச்சங்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. ‘ஆல் டோல்டு’ என்றால் எல்லாம் சொல்லப்பட்டது என்று அர்த்தமில்லை, மொத்தமாக எண்ணினால் இவ்வளவு என்று அர்த்தம். ஜெபமாலை உருட்டுவதை மணிகளை ‘டெல்’ பண்ணுவது என்பார்கள். (வேடிக்கை என்னவென்றால், மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்ற சொல்லுக்கு முதலில் பிரார்த்தனை என்றுதான் பொருள், உருட்டி உருட்டி அது மணியாகிவிட்டது.)

பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் படுத்திய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: டெல் ஏன் ‘டெல்டு’ ஆகாமல் ‘டோல்டு’ ஆகிறது? மிகப் பழைய வடிவம் ஏறக்குறைய ‘டல்யன்’. பின்னால் வரப்போகும் ‘ய’வுக்கு நாக்கு முன்கூட்டியே மேலே எழும்பத் தொடங்கியதால், முன்னால் இருந்த ‘அ’ ‘எ’ ஆனது, லகரமும் இரட்டித்தது. இறந்தகால வடிவத்தில் அந்த ‘ய’ இல்லை, அதனால் உயிர் இந்த வழியில் மாறவில்லை, பிறகு வேறு வழியாக ‘ஓ’ ஆனது. செல் - சோல்டு ஜோடிக்கும் இதே கதை, மேன் பன்மையில் மென் ஆவதற்கும் காரணம் இதே மாதிரி நாக்கு முந்திக்கொண்டதுதான். நாமும் சளைத்தவர்கள் இல்லை. இலையை ‘எலை’ என்றும் உடம்பை ‘ஒடம்பு’ என்றும் சொல்லும்போது, அடுத்து வரும் உயிருக்காக நம் நாக்கு முன்னதாகவே இறங்கிவிடுகிறது. அங்கே ஏறியது, இங்கே இறங்குகிறது.

எண்ணிக்கை, எண்ணம் இரண்டும் தமிழில் ஒரே ‘எண்’ணிலிருந்து வருவதைப் பார்த்தால் ‘டெல்லன்’ நினைவுக்கு வராமல் இருக்காது. கணக்கிலிருந்து கருதுவது வரை இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. ஆனால் ‘எண்ணு’ அதோடு நின்றுவிட்டது, பேச்சுக்கு நம்மிடம் தனியாகச் ‘சொல்’ இருந்தது. அந்தச் ‘சொல்’ ஆங்கிலத்தின் சே, டெல் இரண்டின் வேலையையும் பார்ப்பதால்தான் நாம் ‘ஹி டோல்டு தட்’ என்று ஆரம்பித்து மாட்டிக்கொள்கிறோம். டெல் பெரும்பாலும் யாரிடம் என்று கேட்கும், ‘ஹி டோல்டு மீ’ என்று ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும்.