வீடியோ இருட்டாகத் தெரிகிறதா? ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்

"படம் ஓடும்போது ஒரே இருட்டா இருக்குங்க, கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டுதான் பலர் சர்வீஸுக்கு வருகிறார்கள். கார்டு கெட்டால் திரையில் கோடு விழும், படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது ஒன்றுமே வராது. வீடியோ மட்டும் இருண்டு தெரிந்தால் பெரும்பாலும் அது செட்டிங் கோளாறுதான்; காசு செலவில்லாமல் சரியாகிவிடும்.

என் கவலை வேறு. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் கல்யாண வீடியோவைப் போட்டு வெளிச்சமாக்கிவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று ஒரிஜினலை அழித்துவிடுகிறார்கள். இப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். போன தரம் திரும்ப வராது. தெரியாத தளங்களிலிருந்து இறக்கும் கோடெக் பேக்குகளோடு (வீடியோவை ஓட்ட உதவும் மென்பொருள் தொகுப்புகள்) வைரஸும் சேர்ந்து வருவதுண்டு.

முதலில் அதே கோப்பை போனில் ஓட்டிப் பாருங்கள். அங்கே தெளிவாகத் தெரிந்தால் கோப்பில் குறையில்லை.

கம்ப்யூட்டரை ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ரிசப்ஷன் வீடியோவில் மாப்பிள்ளையின் கோட்டும் பின்னாலிருக்கும் திரையும் ஒரே கறுப்பாகிவிடும். பெண்ணின் கூந்தல் தெரியாமல் மல்லிகைப்பூ மட்டும் தனியாகத் தெரியும். காரணம் இதுதான்: வீடியோ கோப்புகளில் வெளிச்சம் எண்களாகப் பதிவாகும்; வழக்கமாகக் கறுப்பின் அளவு 16, வெள்ளையின் அளவு 235. கம்ப்யூட்டர் அதை 0 முதல் 255 வரை விரித்து அனுப்புகிறது. டிவியோ வருவதை 16–235 என்றே எடுத்துக்கொண்டால், 16-க்குக் கீழே உள்ள நிழல் நுணுக்கம் அத்தனையும் கறுப்பில் மூழ்கிவிடும். டெஸ்க்டாப்பும் அப்போது இருண்டுதான் இருக்கும், ஐகான்களைப் பார்க்கையில் அது உறைப்பதில்லை. டிவியின் பட அமைப்பில் ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவலை மாற்றிப் பாருங்கள். அந்த வசதி இல்லாத டிவி என்றால், கம்ப்யூட்டரில் என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை லிமிடெட் என வையுங்கள். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதும். இரண்டையும் மாற்றினால் படம் வெளிறிவிடும்.

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகியதும் படம் தெளிகிறதா? பேட்டரியை மிச்சப்படுத்த விண்டோஸ், படத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைக்கிறது. விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பிரைட்னஸை விரித்தால் அதை நிறுத்தலாம். எல்லா மாடல்களிலும் இந்த வசதி இருக்காது.

ஹெச்டிஆர் கோப்புகள் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வேறுபாடு காட்டும் வகை) பழைய பிளேயரில் மங்கி, சாயம் போனது போலத் தெரியும். உங்களிடம் உள்ள விஎல்சி வீடியோ பிளேயர் 2018-இல் வந்த 3.0 பதிப்புக்கும் முந்தையது என்றால் புதுப்பித்துவிடுங்கள்.

படமே இருட்டில் எடுத்ததாக இருந்தால் விஎல்சியில் கண்ட்ரோல் (Ctrl), இ (E) விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வீடியோ எஃபெக்ட்ஸில் இமேஜ் அட்ஜஸ்டை டிக் செய்துவிட்டு, பிரைட்னஸை விட்டுவிட்டு காமாவை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். பிரைட்னஸ் கறுப்பையும் சேர்த்துத் தூக்குவதால் படம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். காமா கறுப்பைக் கறுப்பாகவே விட்டு, நிழலில் இருக்கும் முகங்களை மேலே கொண்டுவரும். இதில் மாறுவது பார்வை மட்டுமே, கோப்பு அப்படியே இருக்கும். சேவ் கொடுத்திருந்தால் அடுத்த படத்துக்கு டிக்கை எடுத்துவிடுங்கள்.

காமாவை ஏற்றியும் முகத்தில் புள்ளி புள்ளியாகத்தான் வருகிறது என்றால் கேமராவிலேயே வெளிச்சம் போதவில்லை. கல்யாணம் முடிந்து அதிக நாள் ஆகவில்லையென்றால், எடிட் செய்யாத ஒரிஜினல் ஃபுட்டேஜை ஸ்டுடியோக்காரரிடம் உடனே கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிடுவார்கள்.